காதுச்சாமிக்கு ஒரு குறிப்பாணை

நான் தமிழாசிரியன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. நடந்த குளறுபடி அத்தனைக்கும் அதுதான் காரணம். வேறு யாராவது அந்த மனுவை எழுதியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பது சில இடங்களுக்கு எவ்வளவு நல்லது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெயர் சேவுகப்பெருமாள். கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டாக ஒற்று மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பேச்சில் பிறமொழிச் சொல் கலப்பதில்லை என்று ஒரு விரதம் உண்டு. காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் "குளம்பி ஒன்று" என்று கேட்டுக் கால்மணி நேரம் நின்று, பக்கத்தில் இருந்தவர் இரக்கப்பட்டு "இவருக்கு ஒரு காபி குடுப்பா" என்று சொன்ன பிறகு குடித்திருக்கிறேன்.

‘தொன்மைத் தேடல் பேரவை’ என்று ஒன்றும் வைத்திருக்கிறோம். நான் தலைவர். செயலாளர் நாச்சியப்பன், பாட்டனார் கட்டிய வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதியாக்கி நடத்துபவர். உறுப்பினர்கள் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான். பேரவையின் தாளில் ‘பதிவு எண்’ என்று அச்சடித்து எதிரே இடம் விட்டிருக்கிறோம். அந்த இடம் ஒன்பது ஆண்டாகக் காலியாக இருக்கிறது. ஆனால் முக்காற்புள்ளி நன்றாக விழுந்திருக்கிறது.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆடு மேய்க்கும் சின்னக்கருப்பன் என் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்றார். ஆடுகள் எங்கே என்று கேட்டேன்.

"காதுச்சாமிட்ட அடைச்சிட்டு வந்தேன் வாத்தியாரே."

"யார் அது காதுச்சாமி?"

"காட்டுக்குள்ள ஒரு சாமி. காது ரெண்டும் தோளைத் தொடும். ஊருல மனசு சரியில்லாதவுக அங்குட்டுப் போயி உள்ளதைச் சொல்லிட்டு வருவாக."

"சொன்னால் என்ன தருவார்?"

"ஒண்ணும் தர மாட்டாரு. கேப்பாரு."

கண்மாய்க் கரை வரை மிதிவண்டி. அதற்கப்புறம் கருவேலமும் சூரைமுள்ளும். வேட்டியில் பாதியைக் காட்டுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சேர்ந்தேன். செம்புறாங்கல் அடுக்கிய அடித்தளம். அதன்மேல் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவு. நடுவில் உசிலை மரத்தடியில் கண்ணை மூடி அமர்ந்திருந்தார் புத்தர். மூக்கு நுனி சிதைந்திருந்தது. மடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி படுத்திருந்தது.

நாற்பது ஆண்டாகச் சின்னக்கருப்பனின் ஆடுகள் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததை அன்று காலை பத்தரை மணிக்கு நான் கண்டுபிடித்தேன்.

நாச்சியப்பனை வரவழைத்துப் படம் எடுத்தோம். செய்தித்தாளில் வந்தது. படத்தில் நான் தெளிவாக இருந்தேன். பேரவையின் பதாகை தெளிவாக இருந்தது. பதாகைக்குக் கீழே புத்தரின் ஒரு முழங்கால் தெரிந்தது.

"வாத்தியாரையா, ஜப்பான்காரவுக வந்தா எங்குட்டுத் தங்குவாக?" என்றார் நாச்சியப்பன்.

"புத்தரைத் தேடி வருபவர்கள் வெறுந்தரையில் படுப்பார்கள்."

"நம்ம வீட்டுல தரை ஆத்தங்குடிக் கல்லு. தோதாப் போச்சு."

அன்று மாலை மனு எழுத உட்கார்ந்தேன். முள்ளை வெட்டி, வேலி போட்டு, அரசு அந்த இடத்தைக் காக்க வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. அடுப்படியிலிருந்து வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் தமிழைத் தமிழாக்கிக் கடைக்காரர்களுக்குச் சொல்லிவருபவள்.

"புத்தர் கோயில்னு எழுதுங்க, போதும்."

"அது கோயில் அன்று. துறவிகள் தங்கிய இடம்."

"அப்ப அதுக்கு என்னமோ சொல்வாகளே, விகாரம்னு."

"அது வடசொல். மேலும் தமிழில் விகாரம் என்றால் அசிங்கம். நம் முன்னோர் அதற்கு வைத்த பெயர் பள்ளி. பள்ளி என்றால் படுக்கை, படுக்கும் இடம், துறவியர் உறையும் இடம். அவர்கள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்ததால் பிற்காலத்தில் படிக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் போனது."

"பள்ளிக்கூடம்னுல நெனப்பாக."

"நினைக்கட்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அப்படியாவது நாடு தமிழ் கற்கட்டும்."

நாடு கற்கவில்லை. நான் கற்றேன். மனுவின் முக்கியமான பகுதி இதுதான்:

‘எங்கள் பகுதிக் காட்டினுள் ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த பள்ளி ஒன்று கூரையிழந்து, சுவரிழந்து, பேணுவார் இன்றிப் பாழ்பட்டுக் கிடக்கிறது. அங்கு அமர்ந்திருப்பவர் வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் வாய்திறவாது அமர்ந்திருக்கிறார். அரசு உடனே தலையிட்டு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.’

எழுதி முடித்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். ஒரு பிறமொழிச் சொல் கிடையாது. ஒற்றுப்பிழை கிடையாது. அதில் இல்லாத ஒரே சொல் ‘புத்தர்’ என்று பிறகு வீரலட்சுமி சொன்னாள்.

மக்கள் குறைகேட்பு முகாம் வலையபட்டிப் பக்கம் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளில் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கணினியோடு இருந்த பெண் மனுவின் முதல் வரியைப் பார்த்துவிட்டு, "பள்ளியா, ஏழாம் மேசை" என்றார். ஏழாம் மேசையில் இருந்த எழுத்தர் வேல்பாண்டி முத்திரையைக் குத்திச் சீட்டைக் கையில் கொடுத்தார்.

"இவ்வளவு விரைவாகவா?" என்றேன்.

"பழைய கட்டடம்னா இப்ப எல்லாமே அர்ஜென்ட் சார். மேலேர்ந்து ஆர்டர்."

பழைய கட்டடங்களின்மேல் அரசுக்கு இத்தனை பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று கைப்பேசியில் வந்த செய்தியை அன்று பதினோரு பேரிடம் காட்டினேன். எந்தத் துறை என்று அதில் இல்லை. உரிய துறை என்று இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

பத்தாம் நாள் வட்டாரக் கல்வி அலுவலர் அகிலாண்டேஸ்வரி அழைத்தார். நேரில் பார்வையிட வருகிறாராம். கல்வித்துறையில் தொன்மை ஆர்வம் உள்ள ஒரு பெண்மணி என்று நாச்சியப்பனிடம் சொல்லிச் சால்வை வாங்கச் சொன்னேன். அவர் ‘வருக’ என்று பதாகையும் அடித்துவிட்டார்.

அம்மையாரோடு பொறியாளர் நாராயணும் வந்தார். கையில் படிவம் நிரப்பும் பலகைக் கணினி. கண்மாய்க் கரையில் வண்டி நின்றுவிட்டது.

"ஸ்கூலுக்கு ரோடே இல்லையா சார்?" என்றார் அம்மையார்.

அவர் ஆங்கிலத்தில் பள்ளியை அப்படித்தான் சொல்வார் போலும் என்று நினைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். முள் அவருடைய சேலையைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. உசிலை மரத்தடிக்கு வந்ததும் அம்மையார் நாங்கள் போர்த்திய புதுச் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், இது ஸ்கூல் இல்ல."

"ஆம் அம்மா. பள்ளி."

"அதைத்தான் சார் சொல்றேன், ஸ்கூல்."

"பள்ளி வேறு, பள்ளிக்கூடம் வேறு அம்மா. இது தொல்லியல் துறை—"

அவர் நாராயணைப் பார்த்தார். நாராயண் பலகைக் கணினியைப் பார்த்தார். அது சிக்னல் தேடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மையார் ஒரு செங்கல் சுவரில் உட்கார்ந்தார்.

"எனக்கும் கண்ணு இருக்கு சார். இது என்னன்னு தெரியுது. ஆனா கண்ணால பாத்ததை எழுத ஃபார்ம்ல கட்டம் இல்ல. ஆபீஸ்ல இதுக்கு ஃபைல் திறந்தாச்சு. இப்பப் போயி ஸ்கூல் இல்லைன்னு எழுதினா, இல்லாத ஸ்கூலுக்கு எதுக்கு ஃபைல் திறந்தன்னு என்னைக் கேப்பாங்க. இருக்குன்னு எழுதினா, இத்தனை வருசமா ஏன் திறக்கலன்னு எனக்கு முன்னாடி இருந்தவரைக் கேப்பாங்க. அவர் ரிட்டயர் ஆயிட்டார். நீங்களே சொல்லுங்க, நான் எதை எழுதட்டும்?"

இருபத்தாறு ஆண்டாகத் தேர்வுத்தாள் திருத்துகிறேன். இவ்வளவு தெளிவான விளக்கத்தை எந்தத் தாளிலும் பார்த்ததில்லை.

நாராயண் நிரப்பத் தொடங்கினார். கழிப்பறை, இல்லை. சுற்றுச்சுவர், இல்லை. குடிநீர் என்றபோது சின்னக்கருப்பன் உதவிக்கு வந்தார். "அங்குட்டு ஊருணி இருக்குங்க. நல்ல தண்ணி."

"தினம் எத்தனை பேர் வர்றாங்க?"

"முப்பத்திரண்டு. அதுல ரெண்டு சினை."

நாராயண் முப்பத்திரண்டு என்று போட்டார். மீதிக்குக் கட்டம் இல்லை.

"டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அவரே என் மனுவைப் புரட்டினார். "‘அங்கு அமர்ந்திருப்பவர்’னு எழுதியிருக்கீங்க. ஒண்ணுன்னு போட்டுக்கறேன். கட்டடம் எப்படி இருக்குங்கறதுக்கு மூணு கட்டம்தான். நல்ல நிலை, பழுது பார்க்கலாம், இடிக்கணும்."

"நல்ல நிலை என்று போடுங்களேன்," என்றேன்.

"கூரையே இல்ல சார். நாளைக்கு இடிஞ்சு விழுந்தா என் வேலை போகும்."

"விழுவதற்கு மேலே ஒன்றும் இல்லையே ஐயா."

"அதான் சார் டேஞ்சர். ஏற்கெனவே விழுந்திருக்கு."

மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்தார். போகும்போது நாச்சியப்பன் அவருக்கும் ஒரு சால்வை போர்த்தினார்.

இரண்டு வாரத்தில் இரண்டு தாள்கள் வந்தன. முதல் தாள், மாணவர்களின் பாதுகாப்பைக் கருதிப் பழுதடைந்த பள்ளிக் கட்டடத்தை வருகிற வியாழக்கிழமை இயந்திரத்தால் இடித்து, இடத்தைச் சமன்படுத்த ஆணை. கீழே நன்றி தெரிவித்திருந்தார்கள். ‘விழிப்புடன் தகவல் அளித்த மனுதாரருக்கு’. இரண்டாம் தாள் அந்தப் பள்ளியின் ‘ஆசிரியருக்கு’ ஒரு குறிப்பாணை. அது எனக்கு வரவில்லை. அதை அலுவலக உதவியாளர் ஒருவர் காட்டுக்குள் கொண்டுபோய்ப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லாததால் விதிப்படி ஒட்டிவிட்டு வந்தார். புத்தரின் வலது முழங்காலில் ஒட்டியிருந்தது:

‘தாங்கள் பணிநேரம் முழுவதும் கண்ணை மூடி அமர்ந்திருந்ததும், பார்வைக்கு வந்த அலுவலர்களைக் கண்டும் எழாமல் இருந்ததும் தெரியவருகிறது. தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.’

‘என்பதற்குப்’ என்று ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகவில்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஆயிரம் வருசமா மழைக்கும் அசையாம இருந்தாரு," என்றார் சின்னக்கருப்பன். "நீங்க ஒரு தாள்தான் எழுதுனீக."

செவ்வாய்க்கிழமை காலை வேல்பாண்டியின் அலுவலகத்துக்குப் போனேன். வீரலட்சுமியும் கூட வந்தாள். தனியாக விட்டால் இன்னொரு மனு எழுதிவிடுவேன் என்று பயம்.

"மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் ஐயா."

வேல்பாண்டி கணினியைத் தட்டினார். "முடியாதே சார். உங்க மனுவுக்குத் தீர்வு கண்டாச்சு. பச்சை கலர் வந்திருச்சு பாருங்க. பச்சையானது திரும்பாது."

"வியாழக்கிழமை இடித்துவிடுவார்களே."

"ஒரு வழி இருக்கு. மனுவுல தப்பான தகவல் குடுத்துட்டேன், அங்க பள்ளியே இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுங்க. நிப்பாட்டிருவாக."

"ஆனால் அது பள்ளிதான் ஐயா," என்று ஆரம்பித்தேன். படுக்கை, படுக்கும் இடம், துறவியர் உறையும் இடம் என்று சொல்லி வந்து, கல்வெட்டுகளில் எப்படி வருகிறது என்ற இடத்துக்கு வந்தபோது வேல்பாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி சார். அப்ப அது பள்ளிதான். இடிக்கட்டும்."

வீரலட்சுமி என்னைப் பார்த்தாள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

ஒரு சொல்தான். அதை விட்டால் அவர் பிழைப்பார். விடாவிட்டால் நான் சரி, அவர் கப்பிக்கல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் முக்கால் மணி நேரம் யோசித்தேன்.

"எழுதித் தருகிறேன்."

"காரணம் போடணும். மூணுதான் இருக்கு. மனுதாரர் இறந்துவிட்டார், மனுதாரருக்கு முன்விரோதம், மனுதாரருக்கு மொழி அறிவு போதாது."

"முதலாவதைப் போட்டுக்கொள்ளலாமா?"

"அதுக்கு சர்டிபிகேட் கேப்பாக."

எழுதினேன். ‘மேற்படிக் காட்டில் பள்ளி ஏதும் இல்லை. தமிழ் மொழியில் எனக்குப் போதிய அறிவு இல்லாமையால் அவ்வாறு எழுதிவிட்டேன். பொறுத்தருள வேண்டும்.’ கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே ‘பதவி’ என்று ஒரு கோடு இருந்தது. தமிழாசிரியர் என்று நிரப்பினேன்.

வேல்பாண்டி படித்தார். மறுபடியும் படித்தார். சிரிக்காமல் இருந்த அந்த மனிதரின் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன். "இதுக்கு ஒரு சாட்சி வேணும் சார். உங்களை நல்லாத் தெரிஞ்சவுக."

"குடுங்க பேனாவ," என்றாள் வீரலட்சுமி. "இருபத்தெட்டு வருசமா நான் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

வியாழக்கிழமை மஞ்சள் இயந்திரம் முள்ளை வழித்துக்கொண்டு வந்து, புத்தருக்குப் பத்தடி தூரத்தில் கையைத் தூக்கியபடி நின்றது. ஊரில் பாதி வந்திருந்தது. நான் விடுப்பில் இருந்ததால் தமிழ் வகுப்பு இல்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பு முழுவதும் வந்திருந்தது. நாச்சியப்பன் பழைய ‘வருக’ பதாகையையே கொண்டுவந்து கட்டியிருந்தார். சின்னக்கருப்பன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அறைகளுக்குள் நிறுத்தியிருந்தார், அறைக்கு இரண்டாக.

அகிலாண்டேஸ்வரி அம்மையார் என் கடிதத்தோடு வந்தார். வேலையை நிறுத்தும் ஆணையை அதன் காரணத்தோடு அந்த இடத்திலேயே வாசிக்க வேண்டும் என்பது விதியாம்.

"சார், மெதுவா வாசிச்சிரட்டுமா?" என்று காதோடு கேட்டார்.

"விதிப்படி வாசியுங்கள் அம்மா."

விதிப்படி வாசித்தார். நல்ல குரல். ‘போதிய அறிவு இல்லாமையால்’ என்ற இடத்தில் கூட்டம் என்னைப் பார்த்தது. ‘தமிழாசிரியர்’ என்ற இடத்தில் ஒன்பதாம் வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது:

"ஐயா, அப்ப என் அரையாண்டுப் பேப்பரைத் திரும்பத் திருத்துவாகளா?"

இயந்திரம் கையை இறக்கிக்கொண்டு பின்வாங்கியது. போகிற போக்கில் ‘வருக’வின்மேல் ஏறிப் போனது. எதிலும் படாமல் போனது என்று சொல்ல முடியாது. ஓர் அறையின் மூலையில் நான்கு செங்கல் சரிந்திருந்தது. சின்னக்கருப்பன் அவற்றை எடுத்து இருந்த இடத்திலேயே அடுக்கினார். மற்றபடி எல்லாம் முன்பு போலவே பாழாக இருந்தது.

அதற்குப் பிறகு, இம்முறை தொல்லியல் துறைக்கென்று முகவரி எழுதி, விகாரம், மடாலயம், புத்தர் கோயில், மொனாஸ்டரி என்று தெரிந்த எல்லாச் சொல்லையும் போட்டு இன்னொரு மனு கொடுத்தேன். ஏழாம் மேசை வழியாகவே பதில் வந்தது: ‘மேற்படி இடத்தில் ஏதும் இல்லை என மனுதாரரே முன்னர் எழுதிக் கொடுத்துள்ளதால், இல்லாத ஒன்றின்மீது நடவடிக்கை எடுக்க இயலாது.’ நாச்சியப்பனுக்கு ஜப்பான்காரர்களை நினைத்துத் துக்கம். எனக்கு அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. இல்லாத ஒன்றை யாரும் இடிக்கவும் முடியாது.

எனக்குத் தனியாக ஓர் ஆணை வந்தது. மொழி அறிவு போதாத ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் அடிப்படைத் தமிழ்ப் பயிற்சி. என் பெயர் மட்டும் இருந்தது. பயிற்றுநர் சத்தியப்பிரியா, பதினான்கு ஆண்டுக்கு முன் என்னிடம் படித்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், பிறகு நான் உட்காரும் வரை எப்படி உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். முதல் அட்டையை எடுத்தார். கொடிக்கம்பமும் ஓட்டுக் கூரையுமாக ஒரு படம்.

"மன்னிச்சிருங்க ஐயா. இது என்னன்னு சொல்லணும்."

"பள்ளிக்கூடம்," என்றேன்.

சரி என்று குறி போட்டார்.

ஐந்தாம் நாள் பயிற்சி முடிந்து, சான்றிதழோடு நேராகக் காட்டுக்குப் போனேன். மழித்த முள் அதற்குள் முழங்கால் உயரம் துளிர்த்து வழியை மூடத் தொடங்கியிருந்தது. புத்தரின் முழங்காலில் இருந்த குறிப்பாணையில் பாதியை ஆடு தின்றிருந்தது. இடது முழங்காலில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது: ‘நினைவூட்டு–1’. பள்ளியே இல்லை என்றான பிறகும் ஆசிரியரின் கோப்பு தனிக் கோப்பு என்பதால் நடந்துகொண்டிருக்கிறதாம். அவர் இன்னும் விளக்கம் எழுதவில்லை.

எதிரே செங்கல் சுவரில் உட்கார்ந்தேன். முதலில் ‘ஐயனே’ என்று ஆரம்பித்தேன், சரியாக வரவில்லை. பிறகு வாய்க்கு வந்தபடி சொன்னேன். பஸ், பேப்பர், மெமோ, ட்ரெய்னிங் எல்லாம் கலந்து வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இப்போது என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது வரை சொன்னேன்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த சின்னக்கருப்பன் தள்ளி நின்று, நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"கேட்டாரா வாத்தியாரே?"

"கேட்டார்," என்றேன். "வேறு மேசைக்கு அனுப்பவில்லை."